தேவகோட்டையில் இருப்பவருக்கும் சோதனை வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 31. காரைக்குடியில் அப்பாவுடன் சேர்ந்து கடை நடத்துகிறேன். ஏழு வாரங்களுக்கு முன் சரக்கு எடுக்க வெளியூர் போனபோது, தங்கிய விடுதியில் ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டுவிட்டேன். மூன்றாவது வாரம் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. மார்பில் சிவந்த தடிப்புகள் தோன்றின. கழுத்தில் நெறி கட்டியது. நாக்கில் வெள்ளை படிகிறது, எடையும் 2 கிலோ குறைந்திருக்கிறது. 12ஆம் நாளே மதுரையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன், ‘இல்லை’ என்று வந்தது. இருந்தும் தூக்கம் இல்லை. இவை எச்.ஐ.வி. அறிகுறிகளா? ஒரே ஒரு முறையில் தொற்றுவதற்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு? மனைவி ஐந்து மாதக் கர்ப்பமாகத் தேவகோட்டையில் தாய் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போய்த் தங்கி, சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக முன்போலவே நடந்துகொள்கிறேன். இந்த நிலையில் சொன்னால் தாங்கமாட்டாள். வளைகாப்பு முடியட்டும் என்று இருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம்; மேலே இருப்பது அதன் சுருக்கம். அவற்றில் மூன்று பக்கம் உங்கள் நாக்கையும் கழுத்தையும் எடையையும் பற்றியது. மனைவியைப் பற்றிய வரிகள் கடைசியில், போகிறபோக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஏறக்குறைய எல்லாவற்றிலும் காய்ச்சல் இருக்கும், தடிப்பு இருக்கும், சதவீதக் கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் சோதனைக்குப் போகாமல் இருப்பீர்கள்.

அறிகுறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் சிலருக்கு நீங்கள் எழுதியவை போன்ற தொல்லைகள் வருவது உண்மை. சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இவையே வரும் என்பதும் உண்மை. தொற்றியவர்களில் பலருக்கு ஒன்றுமே வராது என்பதும் உண்மை. ஆகவே கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. 12ஆம் நாள் வந்த முடிவையும் எடுத்து வைத்துவிடுங்கள். நரம்பில் எடுத்த ரத்தத்தில் நோய்க்கிருமியின் புரதத்தையும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கே 18 முதல் 45 நாட்கள் வரை தேவைப்படும்; எதிர்ப்புப் பொருளை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 90 நாட்கள் வரைகூட ஆகலாம். இப்போது உங்களுக்கு ஏழு வாரம் கடந்துவிட்டது. நாளையே ரத்தம் கொடுத்தால் பொருள் உள்ள ஒரு விடை கிடைக்கும். மூன்று மாதம் நிறைந்ததும் இன்னொரு முறை கொடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, நீங்கள் கடைசியில் வைத்த வரிகளுக்கு வருகிறேன். சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக ஞாயிறுதோறும் மனைவியுடன் முன்போலவே இருந்திருக்கிறீர்கள். உங்கள் உடலில் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று பயந்து இரவெல்லாம் விழித்திருக்கும் அதே ஆள், அந்தப் பயத்தோடு ஐந்து மாதக் கர்ப்பிணியிடம் பாதுகாப்பின்றிப் போயிருக்கிறார். விடுதியில் நடந்ததை ஒரு நாள் தடுமாற்றம் என்று வேண்டுமானால் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவை யோசித்து, ஒரு காரணத்துக்காக, வாரா வாரம் செய்தவை. உங்கள் குட்டு வெளிப்படாமல் இருக்க மனைவியின் உடலையும் குழந்தையின் உயிரையும் பந்தயம் வைத்திருக்கிறீர்கள். இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் யோசிக்காத இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மனைவிக்குக் கர்ப்பம் உறுதியான தொடக்க மாதங்களிலேயே வழக்கமான சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்திருப்பார்கள். மருத்துவ அட்டையில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அது உங்கள் வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய ரத்தத்தின் விடையாகத்தான் இருக்கும். அந்த அட்டையைப் பார்க்கும் மருத்துவர் இனி அதைத் தேட வேண்டியதில்லை என்றே நினைப்பார். தேட வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களோ வளைகாப்புக்காகக் காத்திருக்கிறீர்கள். புதிதாகத் தொற்றிய வாரங்களில் ரத்தத்தில் கிருமியின் அளவு மிக அதிகமாக இருக்கும். மற்றவருக்குப் பரவும் வாய்ப்பும் அப்போது கூடுதல். கர்ப்ப காலத்தில் தொற்று வந்து அது யாருக்கும் தெரியாமல் போனால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் அப்படியே. சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தாயிடமிருந்து இந்தத் தொற்றைப் பெறுகின்றன. தாய்க்கு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தும் பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்தும் முறையாகக் கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். வளைகாப்பு முடியட்டும் என்று நீங்கள் தள்ளிப்போடும் இரண்டு மாதங்கள், தேவைப்பட்டால் அந்த மருந்து வேலை செய்ய வேண்டிய மாதங்கள். சிபிலிஸ் என்ற மேகநோயையும் மறந்துவிட்டீர்கள். அதுவும் இதே வழியில் வந்து கருவைக் கெடுக்கக்கூடியது. ஆனால் பென்சிலின் ஊசியால் குணமாகும். அதையும் ஹெபடைடிஸ் பி-யையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

‘தாங்கமாட்டாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறீர்கள் என்று யோசியுங்கள், தம்பி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் கொண்டுவிற்கப் போய் வருடக்கணக்கில் திரும்பாமல் இருந்தபோது, அத்தனை பெரிய வீடுகளையும் வரவு செலவுக் கணக்கையும் பிள்ளைப்பேறுகளையும் சாவுகளையும் தாங்கி நின்றவர்கள் இந்த மண்ணின் ஆச்சிமார்கள்தாம். உங்கள் மனைவியும் தாங்குவார். தாங்க முடியாதது உங்களுக்குத்தான்: அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் அந்தக் கால் மணி நேரம்.

ஆகவே இந்த வாரமே சொல்லுங்கள். சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். ‘இல்லை’ என்று வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் சொல்லாமலே இருந்துவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ‘இருக்கிறது’ என்று வந்தால் துரோகத்தையும் நோயையும் ஒரே நாளில் அவர் தலையில் இறக்குவீர்கள். மாமியார் காதுபட வேண்டாம், வளவில் நாலு பேர் இருக்கும்போதும் வேண்டாம். தனியாக, நேராக, அந்தப் பெண்மீது பழியைப் போடாமல் சொல்லுங்கள். நண்பர்கள் இழுத்ததாகவும் அவர் மயக்கியதாகவும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆணுறை இல்லாமல் போனது நீங்கள். அவருக்கும் உடல்நலம் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒரு சொல்கூட உங்கள் கடிதத்தில் இல்லை.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் காரைக்குடியில் இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போங்கள். அங்கே எச்.ஐ.வி.க்கென்று அரசு நடத்தும் நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் சோதனையும் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ‘இருக்கிறது’ என்றே வந்தாலும் கூட்டு மருந்தை 2004 முதல் அரசு இலவசமாகக் கொடுத்து வருகிறது; தினமும் தவறாமல் உட்கொண்டு கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே நீடித்தால் உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவுவதில்லை. தொற்றக்கூடிய உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்தும் உண்டு. விடுதி விஷயத்தில் உங்களுக்கு அந்தக் கெடு போய்விட்டது. கடைசியாக மனைவியுடன் இருந்து மூன்று நாள் ஆகவில்லையென்றால், அவருக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள்.

உங்கள் சோதனை முடிவு உறுதியாகும் வரை மனைவியைத் தொடாதீர்கள். சொன்ன பிறகு அவரை உடன் அழைத்துக்கொண்டு, அவர் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் மருத்துவரிடமே போய், ‘என்னால் இவருக்கு ஆபத்து வந்திருக்கலாம், மறுபடியும் சோதனை செய்யுங்கள்’ என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், அந்தச் சொல்லை அவர் வாயில் போடாதீர்கள். பிரசவம் வரை தேவகோட்டையிலேயே இருக்கிறேன், நீங்கள் வர வேண்டாம் என்று அவர் சொன்னால் வராதீர்கள். மருத்துவச் செலவை மட்டும் நாள் தவறாமல் அனுப்புங்கள். தம் பெற்றோரிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் அவருடைய முடிவு. சமாதானம் பேச உங்கள் அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம்.