அட்டையில் எந்தக் கோயில்?

அன்புள்ள ஐயா,

எங்கள் லுத்தரன் சபையின் ஆண்டுவிழா மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை எழுதியதை இணைத்திருக்கிறேன். தரங்கம்பாடியில் முதல் கோயில் சீயோனா, புதிய எருசலேமா என்று கமிட்டியில் பெரிய தகராறு. அட்டையில் எந்தக் கோயில் படத்தைப் போடலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தகராறை முதலில் முடித்துவிடுகிறேன். சீயோன், அப்போது தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் 1701-ல் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. தமிழ்ச் சபைக்கென்று ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1707-ல் ஒரு சிறிய எருசலேம் கோயில் எழுப்பினார். இப்போது நிற்கும் புதிய எருசலேம் 1718-ல் பிரதிஷ்டையானது. இதில் யாருக்கு எது முதலோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்து எரிச்சல்தான் வந்தது. மிஷனரிகளை அனுப்பிவைத்த டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குக்கு இரண்டு பத்தி. 1733-ல் லுத்தரன் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன் ஐயருக்கு ஒரே ஒரு வரி. உங்கள் ஊரில் போதகர்களாக இருந்த ஐயர்மார் பட்டியல் வருடத்தோடு இருக்கிறது. அவர்களுக்குக் கீழே ஊழியம் செய்த உபதேசியார் ஒருவர்கூட இல்லை. ஐயர் மாதத்துக்கொரு முறை வந்துபோன காலத்தில் ஜெபம் நடத்தியது யார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது யார், நடுராத்திரியில் சாவு வீட்டுக்கு ஓடியது யார்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாயி என்னைத் தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். புதிய எருசலேம் கோயில் வாசல் முகப்பில் அரசரின் முத்திரையைப் பார்த்தோம். உள்ளே பீடத்தின் முன்னால் சீகன்பால்கு கல்லறை. கோயிலைப் பிரதிஷ்டை செய்து நான்கு மாதத்தில், 1719 பிப்ரவரியில் மனிதர் போய்விட்டார். வயது 36. அப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கேட்டாள்: "இந்தப் புள்ளைக்கு இங்க சோறு ஆக்கிப் போட்டது யாருடா?"

எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. ஆனால் வளர்ந்தபின் ஒன்றைப் படித்தேன். 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்குவும் உடன் மிஷனரி புளுட்சோவும் அடுத்த மே மாதம் முதல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெற்றவர்கள் ஐந்து பேர், டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். தமிழ்க் கோயில் அப்போது எழும்பவில்லை, எஜமான்கள் கும்பிடும் சீயோனிலேதான் நடந்தது. சபை பிறந்தது அன்றைக்குத்தான் தம்பி. கட்டடம் அப்புறம் வந்தது. உங்கள் கமிட்டியில் யாராவது அந்த ஐந்து பேருக்காகத் தகராறு செய்தார்களா?

அந்தச் சபையிலும் பிறகு சாதி பார்த்துத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதியை விட்டுவிடச் சொன்னபோது தஞ்சையில் பலர் கோயிலை விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னால் வந்து சேர்ந்த இடம் நம் லுத்தரன் சபை. இதை எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை. அப்பாயி கடைசிவரை எங்கள் ஊர்க் கோயிலில் பின்பக்கம் பாயில்தான் உட்கார்ந்தாள். பெஞ்சு காலியாகக் கிடக்கும். "முட்டி வலிக்குது, தரைதான் சௌகரியம்" என்பாள். முட்டி வலிக்கிறவள் தரையில் உட்காருவாளா? அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

நடை நன்றாக வருகிறது உங்களுக்கு. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். அரசரை இரண்டு வரியில் அனுப்பிவிட்டு, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் கோயிலில் பின்னால் உட்காரும் கிழவிகளிடம் போய்ப் பேசுங்கள். நோட்டுப் புத்தகத்தை முதலிலேயே நீட்டாதீர்கள், பயந்துவிடுவார்கள்.

அட்டைக்கு உங்கள் ஊர்க் கோயில் படமே போதும். தரங்கம்பாடிக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.