சத்தியமும் வேண்டாம், வேனும் வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உசிலம்பட்டிப் பக்கம். பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். பத்து வருடக் குடி. இப்போதெல்லாம் விடிந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன ஆடியில் அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் செய்தார். பதினொரு நாள் தாங்கினார். சாமிக்குத் துரோகம் பண்ணிவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி இப்போது முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறார். மாமியார், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஏதோ பொடி வாங்கி வைத்திருக்கிறார். கொழுந்தனார் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பேசிவிட்டு வந்திருக்கிறார். ராத்திரி வேனில் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம், மூன்று மாதம் பார்க்க விடமாட்டார்களாம். என் கையெழுத்துத்தான் பாக்கி. போடலாமா? பத்தாவது படிக்கிற மகனிடம் என்ன சொல்வது?

அன்புள்ள தங்கைக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். மாமியார் வாங்கிய பொடியையும் இன்றைக்கே கொட்டிவிடச் சொல்லுங்கள்.

முதலில் பொடி. இப்படி விற்பவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்தால், குடித்த சாராயம் உடம்பில் முழுதாகச் செரிக்காமல் பாதி வழியில் நஞ்சாகத் தேங்கிவிடும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். மருத்துவர்களும் இந்த மாத்திரையைத் தருவதுண்டு. ஆனால் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, குடித்தால் என்ன ஆகும் என்று அவரிடமே விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் தருவார்கள்.

அடுத்து வேன். என் தாய்மாமனை எங்கள் வீட்டிலும் இப்படித்தான் அனுப்பினோம். கையெழுத்துப் போட்டது அத்தை, பேனாவை எடுத்துக் கொடுத்தது நான். ராத்திரி ஒரு மணிக்கு நாலு பேர் வந்து, கட்டியிருந்த லுங்கியோடு தூக்கிப் போனார்கள். இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் ராத்திரி, சுவரெல்லாம் பாம்பு ஊருகிறது என்று கத்தியிருக்கிறார். கட்டிலோடு சேர்த்துக் கையைக் கட்டிப் போட்டார்கள். மருத்துவர் யாரும் வந்து பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கன்னம் ஒட்டித் திரும்பி வந்தவர் நாலாம் நாள் குடித்தார். அத்தையிடம் ஒரு வருடம் பேசவில்லை. அவர் யாருடைய சொல்லைக் கொஞ்சமாவது கேட்பாரோ, அந்த ஒரு ஆளையும் நாங்களே அவருக்குப் பகையாக்கி வைத்தோம்.

அவர் கண்ட பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் இதைக் காத்துக்கருப்பு என்று நினைத்துப் பாண்டிகோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. நாள் தவறாமல் வருடக்கணக்கில் குடிக்கும்போது, மூளை அந்தப் போதையை எதிர்த்து நின்றே வேலை செய்யப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால், எதிர்க்க ஒன்றும் இல்லாமல் அது தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாது, இடம் தெரியாது, இல்லாத பூச்சியும் பாம்பும் தெரியும். ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்று ஒரேயடியாக நிறுத்துகிறவருக்கும் இது வரலாம். மருத்துவமனையில் இதற்கு வழி இருக்கிறது. குளோர்டயசிபாக்சைடு, லோராசிபம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். விடிந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்: மருத்துவரிடம் போகும்வரை அவரை வலுக்கட்டாயமாக நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநலப் பாதிப்பும் அடக்கம். சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவர் என்றாலும், ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலிக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் எழுந்து ஓடக்கூட முடியவில்லை. அவர்களையும் வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவந்து விட்டார்கள், குணமாகும் என்று நம்பித்தான். நல்ல மறுவாழ்வு இல்லங்களும் உண்டு. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நீங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சத்தியத்தைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. கருப்பு சன்னதியில் நம் சனம் காலங்காலமாகச் செய்வது பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றிய சத்தியம். "நான் எடுக்கவில்லை", "நான் சொல்லவில்லை". உண்மை தெரிந்தவன் தைரியமாகச் செய்யலாம். இனிமேல் குடிக்க மாட்டேன் என்பது அப்படி இல்லை. நாளைக்குத் தன் உடம்பு என்ன கேட்கும் என்று அவருக்கே தெரியாது. பன்னிரண்டாம் நாள் தவறியதும், நோயோடு பாவமும் சேர்ந்துகொண்டது. உங்கள் வீட்டுக்காரர் பதினொரு நாள் குடிக்காமல் இருந்திருக்கிறார், மருந்து இல்லாமல், யார் துணையும் இல்லாமல். அதை அவரிடம் யாராவது பாராட்டிச் சொன்னீர்களா? சொல்லுங்கள்.

பேசுவதற்குக் காலை நேரம் நல்லது. குடி என்று ஆரம்பிக்க வேண்டாம். "கை இப்படி நடுங்குதே, ராத்திரி தூக்கமும் இல்லையே, பெரியாஸ்பத்திரியில் காட்டிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. முதல் வாரம் உடம்பைத் தேற்றுவதற்கு. அதன்பிறகு ஒரு வருடமாவது ஆலோசனை, ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள், தவறாத மறுபரிசோதனை. வைத்தியம் என்பது இந்த ஒரு வருடம்தான். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், "அவ்வளவுதான்" என்று விட்டுவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும். மாமா மூன்று முறை தவறினார். நான்காவது முறை நின்றது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போவார். அங்கே எல்லாரும் அவரைப் போலத்தான், யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. குடிக்காமல் ஒன்பது வருடம் வாழ்ந்துதான் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு ஒரு கோபமும் உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. 2003இலிருந்து நம் மாநிலத்தில் டாஸ்மாக் மூலம் அரசேதான் சில்லறைக்கு விற்கிறது. ஆண்டு வருமானம் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. விற்பதற்கு ஊர் ஊராகக் கடை வைக்க முடிகிற அரசால், அதே ஊரில் சிகிச்சைக்கும் ஒரு மருத்துவரையும் ஆலோசகரையும் வைக்க முடியும். அப்படி வைத்திருந்தால் கொழுந்தனார் வேனைத் தேடிப் போயிருக்க மாட்டார். அவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவரையே மருத்துவமனைக்குத் துணையாகக் கூட்டிப் போங்கள்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு வந்திருப்பது ஒரு நோய், அது அவனால் வந்ததில்லை, அவன் நன்றாகப் படித்தால் மட்டும் தீர்ந்துவிடுவதும் இல்லை என்று அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். பாட்டிலை ஒளித்து வைக்கிற வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள். ராத்திரியில் அப்பாவைத் தேடி அவனை அனுப்பாதீர்கள், கொழுந்தனார் போகட்டும். பரீட்சை வரும் வருடம், ஒன்பது மணிக்குமேல் அவன் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.