நடந்தும் கொலஸ்ட்ரால் குறையலையே!

கேள்வி: எனக்கு வயசு 46, வெயிட் 82 கிலோ. மூணு மாசமா தினமும் காலைல 40 நிமிஷம் வாக்கிங் போறேன், மழைன்னா வீட்டுக்குள்ளயே ஹாலுக்கும் அடுப்படிக்குமா நடந்துடுவேன். வெயிட் ரெண்டே கிலோதான் குறைஞ்சிருக்கு. ரிப்போர்ட்ல கெட்ட கொலஸ்ட்ரால் 148 இருந்தது 144, நல்லது 38 இருந்தது 41, ட்ரைகிளிசரைடு 240 இருந்தது 168. "இந்த நாலு பாயிண்டுக்கா இவ்ளோ நடை"ன்னு வீட்டுக்காரர் சிரிக்கிறார். நிறுத்திடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஐயோ, நிறுத்திடாதீங்க! வீட்டுக்காரர் கெட்ட கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துட்டு சிரிக்கிறார், அந்த ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல மிதக்குற ஒரு வகைக் கொழுப்பு) வரியைப் பார்க்கச் சொல்லுங்க, 72 பாயிண்ட் இறங்கியிருக்கு, 150-க்குள்ள வந்துட்டா நார்மல். நடக்கும்போது தொடைத் தசைக்கு எரிபொருள் வேணும்ல, அதுக்கு இந்தக் கொழுப்பை உடைச்சு உள்ள இழுத்துக்க ஒரு என்சைம் இருக்கு, உடற்பயிற்சி செஞ்சா அது சுறுசுறுப்பாயிடும். வெயிட் பெருசா குறையலைன்னாலும் இது நடக்கும். ஆனா ஒரு தடவை நடந்ததோட பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள்தான் நிக்கும், அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் நடந்துட்டு மத்த நாள் உக்கார்றது வேலைக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம்னு சொல்லுது, நீங்க 280 நடக்குறீங்க!

நல்ல கொலஸ்ட்ரால் மெதுவாத்தான் ஏறும், பெண்களுக்கு 50-க்கு மேல இருக்கணும். கெட்டது வெறும் நடைக்கு அவ்வளவா அசையாது, அதுக்கு சமையல்கட்டுலயும் கை வைக்கணும். நெய், தேங்காப்பால், பாமாயில், வனஸ்பதி எல்லாத்தையும் குறைங்க. வாக்கிங் முடிச்சு வர்ற வழியில டீக்கடை வடை சாப்பிடுற பழக்கம் இருந்தா (நிறைய பேருக்கு இருக்கு) அதையும்தான். ராத்திரி சோறு அளவும் முக்கியம், மாவுச்சத்து அதிகமானா ட்ரைகிளிசரைடு மறுபடி ஏறிடும். தைராய்டு டெஸ்டும் ஒரு தடவை எடுத்துடுங்க, அது குறைஞ்சிருந்தாலும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், மாதவிடாய் நிக்கிற வயசுலயும் அப்படித்தான். டாக்டர் மாத்திரை குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாதீங்க.

தராசை விட்டுட்டு இடுப்பை டேப் வச்சு அளந்து பாருங்க, நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. வாரத்துல ரெண்டு நாள் நாற்காலியில உக்கார்ந்து எழுந்திரிக்கிற மாதிரி தசைப் பயிற்சியும் சேருங்க. அடுத்த டெஸ்டை அதே லேப்ல, போன தடவை மாதிரியே ராத்திரி முழுக்க சாப்பிடாம இருந்து எடுங்க, முந்தின நாள் ராத்திரி பிரியாணிக்கே ட்ரைகிளிசரைடு எகிறும்.

அது சரி, சிரிக்கிற உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்போ கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்தார்?