மதியம் வரை தாங்கும் சாண்ட்விச்

கேள்வி: மணலிக்கு வேலைக்குப் போகும் கணவருக்குக் காலை 6 மணிக்கே சாண்ட்விச் கட்டித் தருகிறேன். மதியம் பிரித்தால் சொதசொதவென்று இருக்கிறதாம். தக்காளி, வெள்ளரி தவிர வேறென்ன வைக்கலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வில்லனே அந்தத் தக்காளியும் வெள்ளரியும்தான். உப்பு பட்டதும் தண்ணீர் விடும். ரொட்டி அதைக் குடித்துவிடும். சுண்டல் மசாலா செய்து பாருங்கள். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையை ஒன்றிரண்டாக மசித்து, 2 தேக்கரண்டி எண்ணெயில் வதக்கிய வெங்காயம், பச்சை மிளகாயுடன் அரை தேக்கரண்டி சீரகத்தூள், உப்பு சேர்த்து, கடாயில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை சுருளக் கிளறுங்கள். தேங்காய் வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் ஆவி டப்பா மூடியில் நீர்கோத்து ரொட்டியிலேயே சொட்டும். இரண்டு துண்டின் உள்பக்கமும் ஓரம்வரை வெண்ணெய் தடவினால் ஈரம் ஏறாது.

அசைவம் என்றால் காசிமேட்டுச் சென்னாக்கூனி (காயவைத்த பொடி இறால்) இருக்கவே இருக்கிறது. முறத்தில் புடைத்து மண் போக்கி, எண்ணெயில்லாமல் மொறுமொறுப்பாக வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டுடன் கொரகொரப்பாகப் பொடித்து வெண்ணெயில் குழையுங்கள். ஒரு சாண்ட்விச்சுக்கு 2 தேக்கரண்டி போதும். வாசனை பக்கத்து மேசைவரை போகும்; அது அவர் பாடு!

மயோனைஸ் மட்டும் வேண்டாம். பச்சை முட்டையில் செய்வதற்குத் தமிழக அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது.