ஏணியில் ஏறுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். பி.காம் கடைசி வருடம் படிக்கிறேன். கல்லூரி நாடகங்களில் முதல் வருடத்திலிருந்தே நடிக்கிறேன். போன ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் சிறந்த நடிகை பரிசு கிடைத்தது. மேற்படிப்பாக நாடகம்தான் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாமா, டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு முயற்சி செய்யலாமா என்று குழப்பம். மாமா “கூத்தாடறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?” என்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, அழுகிறார். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நடிப்பை வகுப்பறையில் கற்றுத்தர முடியுமா? இன்னொன்று. பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை, மேடை நிர்வாகம் என்று நிறைய இருக்கிறது. எனக்கு நடிப்பு மட்டும்தான் வரும். அதையெல்லாம் நான் எதற்குப் படிக்க வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மாமாவுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மாமாக்கள் கடிதத்தைப் படித்து மனம் மாறுகிறவர்கள் இல்லை. அம்மா அழுவதை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். வெளியூர், விடுதி, ராத்திரி ஒத்திகை என்று அவருக்குக் கேட்க நிறைய இருக்கும், கேட்கத் தெரியாமல் அழுகிறார். ஒரு நாள் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் அங்கே படிக்கும் பெண்களிடம் பேசவிடுங்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடிகிறது, எப்படி விடுதிக்குத் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நான் சொல்வதைவிட அது நூறு மடங்கு உபயோகம்.

வேலையைப் பற்றி: உத்தரவாதம் கிடையாது. பி.காமுக்கு மட்டும் இருக்கிறதா என்ன?

டெல்லியா புதுச்சேரியா என்பதற்கும் நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கியது. மூன்று வருடப் படிப்பு, இந்தியா முழுவதிலுமிருந்து விரல்விட்டு எண்ணும்படிதான் எடுப்பார்கள். பெரும்பாலும் இந்தியில்தான் நடிக்க வேண்டியிருக்கும். அது ஒரு குறையே இல்லை, ஆனால் தயாராகப் போகவேண்டும். திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை 1977இல் கட்டி எழுப்பியது. புதுச்சேரி உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக இருந்து தொடங்கிவைத்த துறை, பழைய தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் தொடங்கியது. சுவாமிகள் 1922இல் காலமானது அந்த ஊரில்தான். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. இடம் கிடைத்தால் புதுச்சேரிக்கே போங்கள். சரி, அது முடிந்தது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலே. “எனக்கு நடிப்பு மட்டும்தான் வரும். அதையெல்லாம் நான் எதற்குப் படிக்க வேண்டும்?”

சென்ற வாரம் ஒரு நாடகத்தின் அழைப்பிதழ் வந்தது. எழுத்து இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, நடிகர்கள் வரிசையாக இருக்கிறார்கள், இசை இருக்கிறது, நன்றி என்று ஏழெட்டு அமைப்புகள் இருக்கின்றன. விளக்கு யார் போடுகிறார்கள் என்று எங்குமே இல்லை. மேடை நிர்வாகம் என்று ஒரு வரி இல்லை. நாடகம் தானாகவே வெளிச்சமாகித் தானாகவே இருட்டாகிவிடும் போலிருக்கிறது. அந்த எரிச்சலில் இருந்தபோது உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போகும் திட்டில் பாதி அந்த அழைப்பிதழ்க்காரர்களுக்கு உரியது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பை வாங்கினீர்களே, அன்று உங்கள் முகம் பார்வையாளர்களுக்குத் தெரிந்தது யாரால்? யோசித்திருக்கிறீர்களா? வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து, சற்று மேலே, சாய்வாக விழுந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். நேர் உச்சியிலிருந்து விழுந்தால் கண் இரண்டும் குழியாகிவிடும். கீழிருந்து விழுந்தால் பேய். விளக்கு விழும் இடத்துக்கு அரையடி பின்னால் நீங்கள் நின்றுவிட்டால், எவ்வளவு உருகிப் பேசினாலும் பார்ப்பவர்களுக்குத் தெரிவது உங்கள் முகவாய் மட்டும்தான். தேர்ந்த நடிகை கீழே குனிந்து பார்க்காமலேயே தன் வெளிச்சத்தில் போய் நிற்பாள். கன்னத்தில் சூடு உறைக்கும், அதை வைத்தே அவளுக்குத் தெரியும். இது நடிப்பா, ஒளியமைப்பா? நீங்களே சொல்லுங்கள்.

சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு பச்சை விளக்கின் கீழே போய் நில்லுங்கள். புடவை கறுத்துப்போகும். கன்னத்துக்கு ரோஸ் பூசிக்கொண்டு விளக்கின் முன்னால் மாட்டும் சிவப்பு ஜெலட்டின் தாளுக்கு அடியில் வாருங்கள், பூசியதே தெரியாது. ஒத்திகையில் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் அலங்கரித்துக்கொண்டு மேடைக்கு வந்தபின் ஒப்பனைக்காரரைத் திட்டுகிற எத்தனையோ நடிகைகளை நான் பார்த்திருக்கிறேன். நடிகர்களையும்தான்.

கல்கத்தா மினர்வா தியேட்டரில் 1959இல் வங்க நாடகக்காரர் உத்பல் தத் ‘அங்கார்’ என்று ஒரு நாடகம் போட்டார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. கடைசியில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்துவிடும். மேடையில் ஏது வெள்ளம்? தாபஸ் சென் என்ற மனிதர் வெறும் வெளிச்சத்தால் அந்தத் தண்ணீரை ஏற்றிக் காட்டினார். அதைப் பார்ப்பதற்காகவே கூட்டம் வந்தது, நாடகத்தை விளக்கு விழுங்கிவிட்டது என்று சண்டைகூட வந்தது. சண்டை நியாயமா என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது, அறுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, வங்காளத்தில் நாடகம் பேசுகிறவர்கள் இன்றைக்கும் உத்பல் தத்தோடு சேர்த்து தாபஸ் சென்னையும் சொல்கிறார்கள். நம் ஊரில் எந்த விளக்குக்காரர் பெயரை உங்களால் சொல்ல முடியும்?

எனக்கு ஒருவரைத் தெரியும். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், போடவில்லை.

எண்பதுகளில் நான் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நாடகக் குழுவுக்கு அவர்தான் விளக்கு. பகலில் மோட்டார் ரீவைண்டிங் கடை. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை வாடகைக்கு எடுக்கக் குழுவிடம் பணம் கிடையாது. அவரே செய்துகொண்டார். ஊறுகாய் ஜாடிகள். பெரிய பீங்கான் ஜாடிகளில் உப்புத்தண்ணீர், அடியில் ஒரு உலோகத் தகடு, மேலிருந்து கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. மேல் தகட்டை இறக்க இறக்க விளக்குப் பிரகாசமாகும், தூக்கினால் மங்கும். உப்பு கூடினால் கரண்ட் கூடும். நாடகம் நீண்டுபோனால் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். தொட்டால் ஆள் காலி. (தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மாமா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்.) ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஜாடிகளுக்கு நடுவே மரப்பலகையின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையிலும் கயிறுகளைப் பிடித்தபடி அவர் நாடகம் பார்ப்பார்.

பார்ப்பார் என்றால் சாதாரணமாக இல்லை. விளக்கே இல்லாத ஒத்திகைகளுக்கும் தவறாமல் வந்துவிடுவார். மூலையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். கடைக் கணக்கு எழுதும் நீள நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் யாருடைய எந்தச் சொல்லில் எந்த விளக்கு என்று எழுதிவைத்திருந்தார். ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் எங்கள் கதாநாயகியிடம் போய், “அந்தக் கடுதாசியப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவியேம்மா, இன்னிக்கி விடலையே, ஏன்?” என்று கேட்டார். அந்தப் பெண் திகைத்துப்போய் நின்றாள். அவள் மூச்சு விடுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. இயக்குநருக்கும் தெரியாது. இவர் அந்த மூச்சில்தான் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தார்.

அதே நாடகம், ஒரு ஊரில், மூத்த நடிகர் ஒருவர் இரண்டாம் காட்சியில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே நாலாம் காட்சி வசனத்துக்குத் தாவிவிட்டார். இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு வரி வரும், அதில் சறுக்கிவிட்டார். எதிரில் நின்ற பையனுக்கு வாயடைத்துவிட்டது. இயக்குநர் சைடு விங்கில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜாடிக்காரர் இரண்டு நொடி யோசித்திருப்பார். மேடை முழுவதையும் இருட்டாக்கி, அந்த மூத்த நடிகரின் முகத்தில் மட்டும் ஒரு விளக்கை விட்டுவைத்தார். அந்த இருட்டில் பையன் நழுவி வெளியே போனான், நாலாம் காட்சிக்கு வேண்டியவர்கள் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பிறகு வெளிச்சம் மெல்ல விரிந்தது. மறுமாதம் ஒரு சிற்றிதழில் விமர்சனம் வந்தது. காலத்தைக் கலைத்துப்போடும் இயக்குநரின் துணிச்சல் என்று பாராட்டியிருந்தார்கள். இயக்குநர் அந்தத் துண்டை வெட்டிப் பத்திரப்படுத்திக்கொண்டார். அழைப்பிதழில் அந்த மனிதரின் பெயர் கடைசிவரைக்கும் ‘உதவி’ என்ற தலைப்பின் கீழே டீ வாங்கி வருகிறவரோடுதான் இருந்தது.

ஏன் அப்படி என்று யோசித்தால், கையால் செய்யும் வேலை என்றால் நமக்கு ஓர் இளக்காரம். வசனம் பேசுகிறவன் கலைஞன், விளக்கு மாட்ட ஏணியில் ஏறுகிறவன் ஆள்காரன். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை, நம் ஊரில் எல்லாவற்றிலும் இருப்பதுதான். நாடகத்தை இது கெடுத்த அளவுக்குப் பணமில்லாமை கெடுக்கவில்லை என்பேன். பல்கலைக்கழகம் என்ற ஒன்றால் நாடகத்துக்கு ஏதாவது லாபம் இருக்கிறது என்றால் அது இங்கேதான். பரிசு வாங்கிய நடிகையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து மேடையைக் கூட்டு என்பார்கள். இன்னொரு மாணவனின் நாடகத்துக்கு நீ மேடை நிர்வாகி என்பார்கள். பிரதியைத் தனித்தாளில் ஒட்டி, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், எந்த நாற்காலி எங்கே, எந்தச் சொல்லுக்கு எந்த விளக்கு, எந்தச் சத்தம் என்று ஓரத்தில் எழுதவேண்டும். தரையில் டேப் ஒட்டிக் குறிவைக்க வேண்டும். காட்சியன்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளக்குக்காரருக்கும் சத்தம் போடுகிறவருக்கும் “ஸ்டாண்ட்பை” சொல்ல வேண்டும், சரியான நொடியில் “கோ” சொல்ல வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் அடுத்தவளின் நடிப்பு பாழ். அதை ஒரு தடவை செய்து பாருங்கள். அப்புறம் மேடையில் நிற்கும்போது உங்கள் உடம்பே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

தேசிய நாடகப் பள்ளியிலும் முதல் வருடம் எல்லோருக்கும் எல்லாம்தான். நடிப்பா, வடிவமைப்பும் இயக்கமுமா என்று பிரிவதெல்லாம் அதற்குப் பின்னால். ஆக டெல்லிக்குப் போயும் நீங்கள் தப்பிக்க முடியாது.

பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று கேட்காதீர்கள். ஒரு இடத்தில், எங்கே என்று சொல்லமாட்டேன், புத்தம்புது விளக்குகளை அட்டைப்பெட்டியோடு அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பல்பு போய்விட்டால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் யார் பதில் சொல்வது என்று பயம். மாணவர்கள் டியூப்லைட்டில் நாடகம் போட்டார்கள். நீங்கள் போகும் இடத்திலும் அப்படி ஒரு அறை இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். பேராசிரியரைவிட அவர் முக்கியம்.

மாமா கூத்து என்று இளக்காரமாகச் சொன்னாரே, உங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்தை நீங்கள் எப்போதாவது கோமாளியாக வரும் கட்டியக்காரனை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் அவன் ஜோக்குக்குச் சிரிப்பார்கள். அவன் செய்வது முழுக்க மேடை நிர்வாகம். வரப்போகும் ராஜா யார் என்று சொல்வது அவன். திரை பிடித்தவர்களுக்குப் பின்னால் வேஷம் தயாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். கிரீடத்தின் கயிறு அறுந்துவிட்டது என்று வையுங்கள், உள்ளே கட்டி முடிக்கிறவரை வெளியே இவன் ஏதாவது பேசி இழுப்பான். கூட்டம் தூங்கினால் எழுப்புவதும் அவன்தான். நம் பாட்டன்கள் மேடை நிர்வாகியை ஒளித்துவைக்கவில்லை, நடுச்சபையில் நிறுத்தி அவனுக்கு வசனமும் கொடுத்தார்கள். தலையில் வைக்கும் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறார்களே, ஏன்? கனமில்லாத மரம். ராத்திரி முழுக்க ஆடவேண்டியவனின் கழுத்தும் தோளும் அதைச் செய்கிறவனுக்குத் தெரியும். தீப்பந்த வெளிச்சத்துக்கும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கும் எடுபடுகிற மாதிரி முகத்தில் அரிதாரத்தை அத்தனை அடர்த்தியாகப் பூசிக்கொண்டவர்கள் அவர்கள். தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். “எனக்கு நடிப்பு மட்டும்தான் வரும்” என்று கூத்தில் ஒருவர் சொன்னால் குழுவில் சேர்க்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண் என்பதால் உங்களை ஏணியில் ஏறவிடமாட்டார்கள். “நீ இரும்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று நல்லபிள்ளை மாதிரி வந்து ஏணியை வாங்கிக்கொள்வார்கள். கொடுக்காதீர்கள். மேலே விளக்கு சூடாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், கீழே நிற்கிறவன் தலை முக்கியம். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பார்த்தபின் ஏறுங்கள். அந்த ஒரு உதவியை மட்டும் பையன்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

நடிப்பை வகுப்பறையில் கற்றுத்தர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு இதில் இடமில்லை. முதல் வருடம் முடிந்ததும் எழுதுங்கள், அப்போது பேசுவோம்.

அன்புடன்