எல்.கே.ஜி. வகுப்பிலிருந்து ஆய்வுக்குப் போக எது படிக்கலாம்?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து தனியார் பள்ளியில் நான்கு வருடமாக எல்.கே.ஜி. எடுக்கிறேன். சிறு குழந்தைகள் கல்வியில் பிஎச்.டி. செய்துவிட்டு ஆசிரியர் பயிற்சிப் பக்கம் போக ஆசை. எம்.எட். சேரட்டுமா? வேலையை விட வேண்டியிருக்குமா?
- ஈரோடு வாசகி

பதில்: எம்.எட்.டுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். பி.எட். மேல்வகுப்புகளை மனத்தில் வைத்து உருவான படிப்பு. தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு அது தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதன்மேல் கட்டப்பட்ட எம்.எட்.டில் மூன்று வயதுக் குழந்தைக்குக் கிடைக்கும் இடம் சொற்பம். ஆனால் பி.எட். கல்லூரியில் வேலை என்று வந்தால் எம்.எட். கேட்பார்கள். பின்னால் தேவைப்பட்டால் படித்துக்கொள்ளலாம்.

எம்.எட்.டுக்குப் பதில் வேறு முதுகலைப் படிப்புகள் உண்டு. கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்திலும், குழந்தை வளர்ச்சியையும் படிக்கும் மனித மேம்பாட்டுத் துறை இருக்கிறது. கணிதம் படித்தவரைச் சேர்ப்பார்களா என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் முன்பருவக் கல்விக்கென்றே (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கல்வி) எம்.ஏ. இருக்கிறது, எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். செலவும் தூரமும் கட்டுப்படியானால், என் ஓட்டு இதற்குத்தான்.

அதைவிட முக்கியம், எந்தக் கேள்வியோடு போகிறீர்கள் என்பது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் வேறு இருவரும் செய்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குக் கை ஒழிந்ததால் சத்துணவு, உடல்நலப் பணிகளுக்கும் நேரம் கிடைத்து, ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. கொள்கை வகுப்பவர்களை அசைக்கும் ஆய்வு இது. ஆனால், கூடக் கிடைத்த நேரத்தில் டீச்சர் எப்படிப் பேசினார், வாயே திறக்காத பிள்ளையை எப்படிப் பேச வைத்தார் என்பதெல்லாம் வகுப்பில் நின்றவர்களுக்குத் தோன்றும் கேள்விகள். ஆசிரியர் பயிற்சிக்கு வேண்டியதும் அந்தப் பதில்கள்தான். உங்கள் நான்கு வருடத்தை அனுபவச் சான்றிதழாக மட்டும் பார்க்காதீர்கள்.

வகுப்பறைத் தரத்தை அளக்க, எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் நம் மாநிலத்துக்கென்றே ஓர் அளவுகோல் உருவாக்கியது. ஆங்கிலச் சுருக்கமாக டிஇசிஇஆர்எஸ் (TECERS) என்பார்கள். அது போன்ற கருவியைக் கையாளக் கற்றால், பிஎச்.டி. நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கும் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில், முன்பருவக் கல்வி எம்.ஏ. படித்தவர்கள் கல்வியியலையும், மனித மேம்பாடு படித்தவர்கள் மனையியலையும் எடுப்பது வழக்கம். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் சம்பளத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்காது.

எம்.ஏ.வில் இடம் உறுதியாகும்வரை வேலையை விடாதீர்கள். அதுவரை வகுப்பில் பார்ப்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பெற்றோரும் பள்ளியும் சம்மதிக்காமல் செல்போனில் படம் எடுக்கவே கூடாது.