மாமியாருக்கு வெறுஞ்சோறு மட்டும் மிஞ்சாமல் இருக்க

கேள்வி: நாங்கள் இருக்கும் புறநகரில் சீன, தாய்லாந்து, ஜப்பானிய உணவகங்கள் நாலைந்து இருக்கின்றன. போன மாதம் நண்பர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஏழு பெரியவர்கள், மூன்று குழந்தைகள் என்று பத்துப் பேராகப் போனோம். ஆளுக்கொரு தட்டு சொன்னோம். என் தட்டு வந்தபோது கணவர் சாப்பிட்டே முடித்துவிட்டார். சுத்த சைவமான மாமியார், 'காய்கறி சூப்' என்று வந்ததில் மீன் வாடை அடிக்கிறது என்று தள்ளிவிட்டு, வெறுஞ்சோற்றில் உப்பைப் போட்டுச் சாப்பிட்டார். நண்பரின் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வேறு. மறுபடி போக ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாமதத்துக்கு சர்வரைக் குற்றம் சொல்ல முடியாது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேராவது நூடுல்ஸோ ஃபிரைட் ரைஸோ சொல்லியிருப்பீர்கள். இவையெல்லாம் வோக் என்கிற குழிவான இரும்புச் சட்டியில், பெரும் தீயில் புரட்டி எடுப்பவை. ஒரு தடவைக்கு ஓரிரண்டு தட்டு அளவுதான் போடலாம். சட்டியை நிறைத்தால் சூடு இறங்கிவிடும்; காய் வதங்காமல் தண்ணீர் விட்டு வெந்து துவண்டுவிடும். சின்ன உணவகத்தில் இப்படி இரண்டு மூன்று சட்டிதான் இருக்கும். விதவிதமாகப் பத்துத் தட்டு சொன்னால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

அதனால் மேசைக்குப் பொதுவாகச் சொல்லுங்கள், அதுவும் வெவ்வேறு அடுப்பில் தயாராகிறவையாகப் பார்த்து. ஆவியில் வெந்தது ஒன்று, மண்சட்டியில் கொதித்தது ஒன்று, பச்சைக் காய்கறிக் கலவை ஒன்று, ஒரு பெரிய சூப், மீதி மூன்று வோக்கில் வதக்கியவை. இப்படிச் சொன்னால் அடுக்களையில் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். குழந்தைகளை அரை ஆளாகக் கணக்கிட்டால் நீங்கள் எட்டரைப் பேர். முதல் சுற்றுக்கு ஆறு பதார்த்தமும் சூப்பும், பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கிண்ணம் சோறும் போதும். பாதி சாப்பிட்ட பிறகு எது காலியாகிறது என்று பார்த்து மேலும் இரண்டு சொல்லலாம். ஆறில் மூன்றாவது சைவமாக இருக்கட்டும். மற்றவர்கள் எல்லாவற்றிலும் கை வைப்பார்கள். மாமியாருக்கு அந்த மூன்றுதான்.

இனி மாமியார் விஷயம். 'சைவம்' என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டு போடாதது என்றுதான் பல அடுக்களைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். மீனோ இறாலோ அங்கே துண்டாக வருவதில்லை; சாஸாக, விழுதாக, சூப்பின் அடிநீராக வருகிறது. தாய்லாந்துச் சமையலில் நாம் உப்புப் போடும் இடத்தில் மீன் சாஸ் விழும். பச்சை, சிவப்புக் கறிகளுக்கு அரைக்கும் மசாலாவிலேயே வழக்கமாக இறால் விழுது இருக்கும். 'காய்கறி கிரீன் கறி' என்று மெனுவில் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாஸோடு பல இடங்களில் காய்ந்த இறாலும் உண்டு. சீன உணவகத்தில் பளபளவென்று வரும் கீரைப் பொரியலின் மினுமினுப்புக்குப் பெரும்பாலும் சிப்பி சாஸ்தான் காரணம். காளானில் செய்த சாஸ் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் இருக்கும். மாப்போ டோஃபுவின் பெயரில் டோஃபு, அதாவது சோயாப்பாலில் செய்யும் பன்னீர் போன்ற கட்டி, இருந்தாலும் வழக்கமான செய்முறையில் கொத்துக்கறி உண்டு.

அன்று மாமியாருக்கு வந்தது ஜப்பானியச் சூப்பாக இருந்தால் அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்பின் அடிநீரான டாஷியை, கொம்பு என்கிற கடற்பாசியோடு புகையூட்டிக் காயவைத்த மீன் சீவலையும் போட்டுத்தான் வழக்கமாக எடுக்கிறார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறிலும் அதே டாஷிதான். போதாக்குறைக்கு, இறால் பொரித்த எண்ணெயிலேயே கத்திரிக்காயும் பொரியும். உங்கள் மாமியாரை அழைத்துப்போக ஜப்பானிய உணவகம் கடைசித் தேர்வு. வெள்ளரிக்காய் சுஷியும் வேகவைத்த பச்சை சோயாக் காயும் கிடைக்கும், ஆனால் அதைச் சாப்பாடு என்று அவர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

எனவே சர்வரிடம் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, கோழி அல்லது எலும்பு வேகவைத்த நீர், முட்டை. இந்த ஐந்தும் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது நேராகச் சமையல்காரர் கைக்கே போய்விடும். தாய்லாந்து உணவகத்தில் 'ஜே', வியட்நாமிய உணவகத்தில் 'சாய்' என்று கேட்டுப் பாருங்கள். பௌத்த விரத வழக்கத்திலிருந்து வந்த சொற்கள் இவை; அசைவம் அறவே கூடாது என்று சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஜே உணவில் பூண்டு, வெங்காயமும் சேராது. சீன பௌத்த சைவ உணவகம் பக்கத்தில் இருந்தால் முதல் தேர்வு அதுதான். ஒரே எச்சரிக்கை: கோதுமைப் புரதத்தில் வாத்து மாதிரியே, தோல் சுருக்கம் உட்பட, செய்து வைப்பார்கள். முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், தட்டைப் பார்த்ததும் மாமியார் எழுந்துவிடப் போகிறார்.

அவருக்கான பதார்த்தங்களைச் சுழல் தட்டில் வைக்காதீர்கள். ஒரு சுற்று வருவதற்குள் யாராவது கோழிக் குழம்பில் கிடந்த கரண்டியை அதில் போட்டுவிடுவார்கள். அவர் பக்கத்திலேயே தனிக் கரண்டியோடு இருக்கட்டும், வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கடலை ஒவ்வாமை இதைவிடக் கண்டிப்பான விஷயம். வோக்கை ஒரு பதார்த்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு உடனே அடுத்ததைப் போடுகிறார்கள். ஒட்டியிருக்கும் துணுக்கு போதும், பையனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போக. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் காலம் கடந்த கதை. மேசை பதிவு செய்யும்போதே, மாலைக் கூட்டம் தொடங்காத பிற்பகல் நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்: கடலை எண்ணெயில் சமைக்கிறீர்களா, தனிச் சட்டியில் செய்து தர முடியுமா? பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். பாட் தாய், சாட்டே சாஸ், மாசமான் கறி என்று வேர்க்கடலை அன்றாடம் புழங்கும் தாய்லாந்து அடுக்களையைத் தவிர்ப்பது நல்லது. மருத்துவர் அவசர ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அது பெற்றோர் பையில் இருக்க வேண்டும், காரில் கிடக்கக் கூடாது.

காரம்? 'நமக்குத் தெரியாத காரமா' என்று நம்மவர்கள் மார்தட்டுவதுண்டு. நம் குழம்பில் மிளகாய் எண்ணெயிலும் புளியிலும் கொதித்து அடங்கியிருக்கும், முடிவில் மோர்ச்சாதமும் காத்திருக்கும். தாய்லாந்து சாலட்டில் ஊசி மிளகாயைப் பச்சையாக இடித்துப் போடுகிறார்கள், மோரும் கிடையாது. மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது என்பதால் குடிக்கக் குடிக்க எரியும். சோறும் தேங்காய்ப்பால் கறியும்தான் கைகொடுக்கும். மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் கேட்டுவிடுங்கள். சிச்சுவான் மிளகு வேறு ரகம், அது நாக்கை மரத்துப்போகச் செய்யும். குழந்தைகள் பயந்துவிடலாம்.

குழந்தைகளுக்குச் சாதா நூடுல்ஸ் ஒரு தட்டை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ரோலை வெட்டி ஆறவிட்டுக் கொடுங்கள், மேலே ஆறினாலும் உள்ளே கொதிக்கும். சாப்ஸ்டிக் கேட்டு அடம்பிடித்தால், அதன் காகித உறையைச் சுருட்டி இரண்டு குச்சிக்கும் நடுவே தலைப்பக்கம் வைத்து ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். இடுக்கி மாதிரி விரிந்து மூடும். அதைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்க மட்டும் விடாதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதுபோல் இருப்பதால் சீனர், ஜப்பானியர் பலர் அதை அபசகுனமாக நினைக்கிறார்கள்.

பில்லை எப்படிப் பிரிப்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே நண்பரிடம் பேசிவிடுங்கள். பெரியவர் தலைக்கு ஒரு பங்கு, குழந்தைக்கு அரைப் பங்கு, மதுவோ விலை கூடின பானமோ குடித்தால் அவரவர் கணக்கு. பில்லைத் தனித்தனியாகப் போட முடியுமா என்று உட்கார்ந்தவுடனே கேட்டால்தான் சர்வருக்கும் வசதி.

மிச்சத்தைப் பார்சல் கட்டினால் நூடுல்ஸ் தனி, சூப் தனி. ஒன்றாக ஊற்றினால் வீடு போய்ச் சேர்வதற்குள் களி. சோற்றை மேசைக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெந்த சோற்றிலும் உயிர் பிழைத்திருக்கும் ஒருவகைக் கிருமி வெளியே வைத்தால் பெருகி நச்சைச் சுரக்கும், அந்த நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. பச்சை மீன் வைத்த சுஷி மிஞ்சினால் கட்ட வேண்டாம்.